பட்டாளத்து அண்ணனின் கூவும் மிஷின்

தன் சொந்தக் காலைத் தேடி ஒரு வாரம் மண்ணைத் தோண்டிய மனுஷர் ஒருவரை எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊரில் முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அவரைப் பட்டாளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பட்டாளத்து அண்ணன். பாறசாலையிலிருந்து பெருங்கடவிளைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. எங்கள் விளைக்கும், அதாவது தோட்டத்துக்கும், அவர் விளைக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் ஒன்று உண்டு, அதைக் கையாலை என்போம். நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது அவர் யுத்தத்திலிருந்து திரும்பிச் சில வருஷம் ஆகியிருந்தது. போனபோது இரண்டு கால், வந்தபோது ஒன்று. வலது கால் பூனாவில் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் செய்து மாட்டியது. தொடைக்குக் கீழே மரம், இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முட்டில் ஒரு இரும்புக் கீல், எல்லாவற்றையும் இடுப்போடு சேர்த்துக் கட்ட ஒரு தோல்வார். ஊர் ஆண்கள் முழுக்க வேட்டியில் திரிந்த காலத்தில் அவர் மட்டும் காக்கிக் கால்சட்டை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். தெரியாதவர்கள் பார்த்தால் கொஞ்சம் நொண்டுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு நாள் பென்ஷன் விஷயமாகத் திருவனந்தபுரம் போனவர், கடைசி பஸ்ஸில் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். சாலைக் கம்போளம் என்ற சந்தையில், பழைய பட்டாளச் சாமான் விற்கும் கடையில் வாங்கியதாம். உள்ளே ஒரு நீளக் கம்பு, கம்பின் நுனியில் ஒரு வட்டத் தகடு, முதுகில் மாட்ட ஒரு பாட்டரிப் பெட்டி, காதில் வைக்க இரண்டு குழல். அவருடைய மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனி கையாலைக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம் முறையிட்டாள்.

“பென்ஷனுக்குப் போன மனுஷன் அப்பச்சட்டி மூடியில கம்பு வச்சு வாங்கியோண்டு வந்திருக்காரு, பாரு பிள்ளே!”

“அப்பச்சட்டி இல்லட்டீ, மைன் டிடெக்டராக்கும்,” என்றார் அண்ணன் உள்ளேயிருந்து. “மண்ணுக்கடியில இரும்பு கெடந்தா காதுல கூவும். பட்டாளத்துல இதை வச்சாக்கும் வெடியைக் கண்டுபிடிக்கது.”

“நம்ம விளையில எவன் வெடி வச்சான்?”

“வைக்கல்லேண்ணு ஒனக்குத் தெரியுமா?”

மறுநாள் காலையில் தொடங்கினார். காதில் குழல், முதுகில் பெட்டி, கையில் கம்பு. நடந்த இடமெல்லாம் கூவியது. பலாமரத்து மூட்டில் கூவியது, கிணற்றடியில் கூவியது, மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் கூவியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. “எனக்க விளையில ராஜாவுக்க ஆயுதசாலை கெடக்கு!” என்று கத்திக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். ஒரு வாரம். விளை முழுக்கக் குழி. பசுமாடு ஒரு குழியில் காலை விட்டு, அதை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் மிஷின் மட்டும் கூவிக்கொண்டே இருந்தது.

மைனிதான் கண்டுபிடித்தாள். கஞ்சி கொண்டுபோனவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு சட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்தாள்.

“இஞ்ச பாரும், நீரு அங்க நிண்ணா அங்க கூவுது, இங்க நிண்ணா இங்க கூவுது. ஒம்ம காலுக்க இரும்பாக்கும் கூவுது, மனுஷா!”

அண்ணன் அப்படியே குழிக்கரையில் உட்கார்ந்தார். தகட்டை மெதுவாகத் தன் வலது முட்டுக்குப் பக்கம் கொண்டுபோனார். காதிலிருந்து குழலைப் பிடுங்கி எறிந்தார், அவ்வளவு சத்தம். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், கையாலைக்கு இந்தப் பக்கம் நானும் என் மாமியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் “பட்டாளம், காலு கெடச்சுதா?” என்று கேட்டார்கள். “கெடச்சுது கெடச்சுது, பத்திரமா மாட்டியாச்சு,” என்று அவரும் முட்டியைத் தட்டிக் காட்டினார்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு மிஷினைப் பரணில் போட்டிருப்பார். இவர் ஒரு மூங்கில் வெட்டிக் கம்போடு சேர்த்துக் கட்டி நீளமாக்கினார். தகடு இப்போது காலை விட்டுத் தள்ளிப் போயிற்று. அதிலும் வலது பக்கம் வீசினால் லேசாகக் கூவும். அதனால் இடது பக்கம் மட்டும் வீசுவார். வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் சுற்றி வந்து எதிரே இருந்து நடப்பார். மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நடுகிற விளையில் மண் முழுக்கக் கூம்பு கூம்பாகக் கூட்டி வைத்திருப்பார்கள். இரண்டு கால் உள்ளவனுக்கே அதில் நடப்பது பாடு. இவர் அடிக்கடி விழுவார். யாராவது தூக்க ஓடினால் கையை உதறுவார். “நில்லு, நில்லு, விழுந்த எடத்தையும் பாத்துக்கிடுவோம்,” என்று படுத்தபடியே தகட்டை வீசுவார்.

அவருக்கு ஒரு சத்தத்தை விட்டுவிட்டுப் போகத் தெரியாது. கூவினால் தோண்ட வேண்டும். தோண்டி எடுத்தது யாருடையதோ அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும்தான் அவர். ஒரு கலப்பைக் கொழுவைத் தூக்கிக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கி, “இது உங்களுக்கதா?” என்று கேட்பார். மண்ணில் புதைந்த ஒரு குழந்தையின் அரைஞாண் மணியை எடுத்து, அது யார் இடுப்பில் கிடந்தது என்று கண்டுபிடித்தபோது அந்தக் குழந்தைக்கு மீசை முளைத்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பாறசாலைச் சந்தியில் தையல்கடை வைத்திருந்தார். அவருடைய பெரிய கத்தரிக்கோல் எங்கோ காணாமல் போய், இரண்டு வருஷமாக அவர் அதற்காக என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அதை எங்கள் தென்னைமூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரேதான் கயிறு வெட்டக் கொண்டுபோய் மறந்திருக்கிறார். அதற்காகவே அண்ணனை எனக்குப் பிடிக்கும்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. சபை மூப்பர் ஒருவர் இருந்தார். ரொம்ப கண்ணியமான மனுஷர். அவர் விளையில் கூவியது. அண்ணன் தோண்டினார். பனையேறும் பக்கத்து வீட்டுக்காரனின் பாளை அரிவாள் வந்தது. அதைக் காணோம் என்று அவன் ஊரெல்லாம் அழுது திரிந்திருந்தான். அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அரிவாளை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நொண்டிக்கொண்டே போனார்.

“இன்னா மக்கா, ஒனக்க அருவா. மூப்பருக்க பலாமூட்டுல இருந்தது.”

“கொஞ்சம் பைய சொல்லப்படாதா அண்ணே?” என்று நான் பிறகு கேட்டேன்.

“பைய சொன்னா மட்டும் வேற எடத்துல இருந்து வந்ததா ஆயிருமா பிள்ளே?” என்றார். மூப்பர் அதன்பிறகு அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஏன் இப்படி ஒரு சத்தத்தைக்கூட விடாமல் பின்னாலேயே போகிறார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு மழைநாளில் தையல்கடையில் உட்கார்ந்து சொன்னார். பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டியவர். முன்னால் ஒரு பையன் இந்த மாதிரி மிஷினைப் பிடித்துக்கொண்டு ரோட்டைச் சோதித்தபடி போனானாம்.

“ஒரு எடத்துல நிண்ணான். தலையைச் சாய்ச்சுக் கேட்டான். லேசா என்னவோ கேட்டிருக்கு அவனுக்கு. பெறகு ஒண்ணுமில்லேண்ணு கையைக் காட்டினான். நான் லாரியை எடுத்தேன்.” ஸ்டூலைச் சாரலிலிருந்து உள்ளே நகர்த்திக்கொண்டார். “அவனைக் குத்தம் சொல்லப்படாது. அவனுக்குப் பசி. எல்லாருக்கும் பசி.” உடனே முட்டியைத் தட்டி, “அண்ணைக்கு அவன் ஒரு குழி தோண்டியிருந்தா நான் இப்போ ஒம்ம கடையில ரெண்டு கால் வச்ச கால்சட்டைக்குக் கூலி குடுத்திருப்பேன் டெயிலரே,” என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவு சொன்னால் அந்த இருவரும் பெரிய நண்பர்கள் என்று நினைப்பீர்கள். கடித்துத் தின்னாத குறைதான். அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரணும் என்று ஒரு கூட்டம், மலையாள ராஜ்யத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு கூட்டம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது. வீட்டில் தமிழ், சர்க்கார் கச்சேரியில் மலையாளம், சபையில் பாட்டுக்குப் பாட்டு மாறும். என் வீட்டுக்காரர் தமிழ்க் கட்சி. சந்தியில் பெட்டியின்மேல் ஏறி நின்று பேசுவார். பேசி முடித்ததும் இழுப்பு வந்து மூச்சுவாங்கும். அண்ணன் எதிர்க்கட்சி. கடைக்குள்ளேயே சண்டை.

“என் பிள்ளை எந்த எழுத்துல படிக்கணும்னு திருவனந்தபுரத்துல இருக்கவனா சொல்லணும்?” என்பார் என் வீட்டுக்காரர்.

“எனக்க பென்ஷன் திருவனந்தபுரத்துல. ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்துல. பாட்டரி வாங்குகதும் அங்க. காலுல ஒரு ஆணி கழண்டா நான் மெட்ராசுக்கா போவேன்? ஒத்தக்காலனுக்குப் பக்கத்துல இருக்க ராஜ்யம் மதி, அது போதும்.”

“ஒரு காலுக்காக ஒரு தாலுகாவையே எழுதிக் குடுப்பீரோ?”

“ஒம்ம ஒரு வாய்க்கு வேண்டிக் குடுக்கணும்னா எனக்க ஒரு காலுக்கும் குடுக்கலாம்வே!”

கடைசியில் ஒரு நாள் பேச்சு முற்றி, இனி என் கடைப் படி ஏறாதீர் என்று இவர் சொல்லிவிட்டார். சரி என்று அவரும் எழுந்து போனார். கையாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு ஆண்கள் ஒருவர் இருமினால் மற்றவர் துப்புவது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நானும் மைனியும் மட்டும் வழக்கம்போல மீனும் தேங்காயும் கைமாற்றிக்கொண்டோம்.

தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி வந்த வாரம் அது. என் வீட்டுக்காரருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் புத்தி பிசகிவிட்டது. எங்கள் பகுதிக் கச்சேரி வாசலில் மலையாளத்தில் எழுதின இரும்புப் போர்டு ஒன்று தொங்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கழற்றினீர்களே, கிணற்றிலாவது போடக் கூடாதா? எங்கள் மரச்சீனி விளையில் ஒரு கூம்பைக் கலைத்து உள்ளே புதைத்து, மண்ணை மறுபடி கூட்டி, மேலே கம்பும் நட்டுவைத்திருக்கிறார். புதிதாக நட்ட விளை, எல்லாக் கூம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எவன் கண்டுபிடிப்பான் என்று அவருக்கு எண்ணம். “எந்தக் கூம்புண்ணு கேக்காதே, தெரிஞ்சா ஒன் மூஞ்சியே சொல்லிரும்,” என்றார் என்னிடம். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இழுப்புக்கார மனுஷர். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ராத்திரி தாங்க மாட்டார். எனக்கு அப்போது ஐந்து மாசம்.

ஜீப் வந்தது. வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர், கூட இரண்டு கான்ஸ்டபிள்கள். கடற்கரைப் பையன்கள், மரச்சீனியைச் சட்டியில் மட்டும் பார்த்தவர்கள். பெட்டியின்மேல் ஏறிப் பேசுகிற ஆள் என்பதால் நேராக எங்கள் வீடு. பானை, பரண், படுக்கை எல்லாம் புரட்டினார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் விளையைப் பார்த்தார். அத்தனை கூம்பையும் வெட்ட ஆளுக்கு எங்கே போவது? அப்போது யாரோ அவரிடம் பட்டாளத்தின் மிஷினைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

“நீ பட்டாளக்காரனல்லே? சர்க்காருக்கு வேண்டி ஒரு ஜோலி செய்யணும்,” என்றார் இன்ஸ்பெக்டர் கையாலைக்கு மேலே.

“செய்யாம் ஏமானே,” என்றார் அண்ணன். மறுக்காமல் ஒப்புக்கொண்டார்.

இந்த மனுஷரைத் தெரியாதா எனக்கு? சத்தம் கேட்டால் விட மாட்டார். எடுத்த சாமானை உடையவன் கையில் கொடுக்காமல் உறங்க மாட்டார். போர்டு சர்க்கார் சாமான். போதாததற்கு என் வீட்டுக்காரரின் முகத்தில் விழிக்காதவர். முற்றத்தில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒரு கான்ஸ்டபிள் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். இழுப்பு தொடங்கிவிட்டது, இங்கே கேட்டது எனக்கு. கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மிஷினோடு வந்தார். பார்த்ததும் எனக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது. கம்பு குட்டையாக இருந்தது. மைனி கையாலைக்கு மேலே எட்டி, “மூங்கிலு எங்க...” என்று தொடங்கி, சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. காதுக் குழலை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். “சத்தம் நான் கேக்காம். நீ நடந்நா மதி.” வயர் நீளமாக இருந்ததால் பின்னாலேயே நடந்தார். அண்ணன் முதல் கூம்புக்குப் போய்த் தகட்டை வலது பக்கம் வீசினார். வலது காலையும் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தார். இன்ஸ்பெக்டர் சாடிக் குதித்தார்.

“குழி! குழி இவிடெ!”

குழித்தார்கள். மண். இரண்டாம் கூம்பு, அதே கூவல். மண். மூன்றாவது, நாலாவது. கான்ஸ்டபிள் பையன்களுக்கு வியர்த்துக் கொட்டியது. இன்ஸ்பெக்டர் குழலைக் கழற்றி உதறிப் பார்த்தார்.

“எந்தா இது?”

“செம்மண்ணு ஏமானே,” என்றார் அண்ணன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “மண்ணுலயே இரும்பு உண்டு. யுத்தத்துலயும் இதே தொந்தரவாக்கும். குழிச்சுத்தான் பாக்கணும்.”

அதற்குள் கையாலை நெடுக ஊர் வந்து நின்றுவிட்டது. தமிழ்க் கட்சி, மலையாளக் கட்சி, கட்சியில்லாதவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள். அத்தனை பேருக்கும் அந்தக் கால் ஏன் கூவுகிறது என்று தெரியும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்த கதையாயிற்றே! ஒருவர் வாயைத் திறந்தால் போதும். என் கண் சபை மூப்பர்மேல் போயிற்று. அரிவாள் விஷயத்தில் ஊர் நடுவே மானம் போனவர், எதிர்க்கட்சியும்கூட. அவர் தொண்டையைக் கனைத்தார். ஒரு அடி முன்னால் வந்தார். “ஏமானே,” என்றார்.

“ஏமானே, நல்ல வெயிலாக்கும். ஒரு கரிக்கு வெட்டட்டா?”

கரிக்கு என்றால் இளநீர். அந்த மூப்பரை நான் அதன்பிறகு சாகும்வரை குறை சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்துவிட்டு மறுபடி குழலை மாட்டினார். அடுத்த வரிசை. அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். எல்லாக் கூம்பிலும் கம்பு துளிர்த்து விரல் நீளத்துக்கு இலை விட்டிருந்தது. ஒன்றில் மட்டும் துளிர் இல்லை. கம்பின் கண்கள் எல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. தோண்டும்போது பழைய கம்பு முறிந்திருக்கும். என் வீட்டுக்காரர் வேறொன்றை எடுத்துத் தலைகீழாகச் சொருகியிருக்கிறார். எங்கள் ஊரில் நடை பழகுகிற பிள்ளைகூட மரச்சீனிக் கம்பை நேராக நடும். அட என் தையல்கார மனுஷா!

அண்ணனும் பார்த்துவிட்டார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கூம்பைத் தாண்டிப் போகாமல் நேராக அதன்மேல் தகட்டை வைத்தார். தாண்டிப் போனால் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருமே.

“நில்லு,” என்றார் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி. “இது வேற சத்தம். நிக்குந்நில்ல.”

காலின் கூவல் வீச்சுக்கு வீச்சு ஏறி இறங்கும். இது இறங்கவில்லை. அவர் கண் விரிந்துவிட்டது. முற்றத்தில் இழுப்புச் சத்தம் நின்றுபோனது, என் வீட்டுக்காரர் மூச்சையே பிடித்துக்கொண்டார். கான்ஸ்டபிள் மண்வெட்டியை ஓங்கினான்.

அண்ணன் விழுந்தார். எத்தனையோ தடவை அவர் விழுந்து பார்த்திருக்கிறேன், இப்படி விழுந்ததில்லை. விழும்போதே கை இடுப்புக்குப் போயிற்று, வாரின் கொக்கி தெறித்தது. “அய்யோ, எனக்க கால்!” என்று ஒரு அலறல். காக்கிக் கால்சட்டைக்குள்ளிருந்து மரக்கால் கழன்று, இரும்புப் பட்டையும் கீலுமாக அந்தக் கூம்பின்மேல், அந்தத் தலைகீழ்க் கம்பைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. தகடு அதன்மேல். இன்ஸ்பெக்டரின் காதில் அது எப்படிக் கேட்டிருக்குமோ, இரண்டு கையாலும் குழலைப் பிய்த்து எறிந்தார்.

காலைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். வெட்டிப் போட்ட கூம்புகளை எல்லாம் திரும்பிப் பார்த்தார்.

“இதாணோ? இத்தர நேரம் கூவியது இதாணோ?”

“ஏமான் கேட்டில்ல, நானும் சொன்னதில்ல,” என்றார் அண்ணன், மண்ணில் கிடந்தபடியே.

கையாலையில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவ்வளவுதான். ஊரே சிரித்தது. கான்ஸ்டபிள் பையன் ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் தோளும் குலுங்கியது. இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்துவிட்டது. குனிந்து அண்ணனைக் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். சிரிப்பு நின்றது. மிஷினையும் பெட்டியையும் ஜீப்பில் தூக்கிப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரரின் காலரை விட்டுவிட்டார்கள். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அந்த மிஷின் பிறகு திரும்பி வரவே இல்லை.

சாயங்காலம் அயிலைக் கறியோடு அவர் வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டேதான் போனேன், அவர் விழுந்த விதத்தை மைனியிடம் நடித்துக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மைனி வெந்நீரில் துணியை முக்கி அவருடைய தொடை நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலைத் திருப்பித் திருப்பி வைத்து நடந்ததில் தோல் முழுக்க உரிந்து, ரத்தமும் நீருமாக இருந்தது. ஒவ்வொரு கூம்புக்கும் அந்த வலியோடுதான் முகம் மாறாமல் நின்றிருக்கிறார். கறிச்சட்டியை வைத்துவிட்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

“என்னத்துக்கு அழுக? வயித்துல பிள்ளையோட,” என்றார் அவர். “அந்தக் கம்பை முதல்ல நேரா நடச் சொல்லு ஒனக்க மாப்ளயை. பாத்துட்டு எனக்கு மானம் போச்சு.”

“மிஷின் போச்சே அண்ணே.”

“போச்சு.” சுவரில் அது சாய்ந்திருக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்தார். “பாட்டரியும் தீரப்போற நெலையிலதான் கெடந்தது. அவனுவ அதை வச்சு அப்பம் சுடட்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சாமான் அங்க கெடக்கப்படாது கேட்டியா? கொஞ்ச நாள் கழியட்டு. அவங்க சாமான் அவங்களுக்குப் போணும்.”

“நீங்க வேற கட்சிதானே அண்ணே? அவர் ஒங்களைப் படியேறாதேண்ணு சொன்னவரு. பெறகு ஏன் இப்படிக் கெடந்து பாடுபட்டீங்க?”

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எங்க கட்சியாக்கும் ஜெயிக்கப் போறது பிள்ளே. அதுல சந்தேகமில்ல. ஜெயிக்க அண்ணைக்கு நான் வந்து அவனுக்க முன்னால நிக்கணும். தோத்தாச்சே டெயிலரேண்ணு நல்லாச் சொல்லணும் அவனுக்கிட்ட. அவன் ஜெயிலுல கெடந்தா நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

மைனி, “கேட்டியா, கெழவனுக்க ஆசையை!” என்று துணியைப் பிழிந்தாள். நான் அழுகையோடு சிரித்தேன்.

போர்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சபையில் இருக்கும்போது, கச்சேரிச் சுவரில் சாய்ந்து நின்றது. மண்ணெல்லாம் கழுவித் துடைத்து. அன்று அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. கச்சேரிக்காரர்களும் எடுத்து மாட்டிக்கொண்டதோடு சரி, யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கையாலை வரைக்கும் போவார், நிற்பார், திரும்பி வந்துவிடுவார். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் மாசங்கள் போயின. எனக்குப் பெண் பிறந்தாள். அவளைக் கையாலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தபோதுகூட அந்த இரண்டு பேரும் குழந்தையோடுதான் பேசினார்களே தவிர ஒருவரோடொருவர் பேசவில்லை.

எல்லைக்கோடு போட்டார்கள். விளவங்கோடு வரைக்கும் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் தாலுகா இந்தப் பக்கமே நின்றது. பாறசாலைச் சந்தியில் பட்டாசு. என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். சாப்பிடவில்லை. வீட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காமலே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் முற்றத்தில் டக், டக் என்று சத்தம் கேட்டது. இன்றைக்கு வேண்டாம் அண்ணே, நாளைக்கு வந்து சொல்லுங்கள் என்று வாசலுக்கு ஓடினேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். சபைக்கு உடுக்கும் நல்ல கால்சட்டை. தலையெல்லாம் சீவி வாரியிருந்தார்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“வந்துட்டீரா? சொல்லும்வே. இதுக்குத்தானே அண்ணைக்கு என்னைக் காப்பாத்தி வச்சீரு? நிக்கேன், சொல்லும்.”

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு, காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தார்.

“சொல்லத்தான் வந்தேன் டெயிலரே,” என்றார். “கையாலை தாண்டுகதுக்குள்ள மறந்து போச்சு.”

நான் கட்டன்காப்பி போட அடுக்களைக்குப் போனேன்.